ஏணிப்படி வெட்டு

அத்தியாயம் 9

போன வாரம் ஜெனிலாவைக் கையில் ஒரு போனோடு நிறுத்திவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். கோபமாகக் கடிதம் எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை: அன்றைக்கு ராத்திரி அவளும்தான் தூங்கவில்லை.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீரிப்பாறை மலைக்குக் கீழே ஆன்ஸ்லின் முதலாளியின் ரப்பர் பால் ஃபேக்டரி இருக்கிறது. தோட்டங்களிலிருந்து பாலை டேங்கர் லாரியில் கொண்டுவந்து, மெஷினில் சுற்றிக் கெட்டியாக்கி, கையுறை செய்கிற கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். ஜெனிலா அங்கே லேபில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அப்பா ரசலையன் அங்கேதான் டேங்கர் ஓட்டுகிறார், இருபத்தெட்டு வருஷமாக.

அந்த ஃபேக்டரியில் தொட்டி கழுவுகிற வேலைக்கு பிகாஷ் என்று ஒருவன் இருந்தான். ஒடிசாக்காரன். எங்கள் ஊரில் வடக்கேயிருந்து வருகிற எல்லோரும் பெங்காலிதான், அவனும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் பெங்காலி ஆகிவிட்டான். எட்டு நாளுக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை விடிகாலையில், தக்கலை தாண்டி மெயின் ரோட்டோரம் அவன் பிணமாகக் கிடந்தான். தலையில் அடி. அடையாளம் தெரியாத வாகனம் மோதியதாகப் போலீஸில் கேஸ் எழுதினார்கள். முந்தின நாள் மத்தியானமே வேலையை முடித்துவிட்டு, சிநேகிதனைப் பார்க்கத் திருவனந்தபுரம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான் என்று முதலாளி வாக்குமூலம் கொடுத்தார்.

நேற்று அவனுடைய அண்ணன் சுஷாந்த் ஒடிசாவிலிருந்து வந்தான். கொஞ்சம் இந்தி தெரியும் என்பதால் அவனோடு பேச ஜெனிலாவை அனுப்பினார்கள். அவன் போனில் ஒரு படம் இருந்தது. உடலை ரோட்டோரம் கண்டெடுத்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், அடையாளம் காட்டுவதற்காகப் போலீஸ் எடுத்த படம்.

பிகாஷின் தலையில் இடது பக்கம் முடி வெட்டியிருந்தது. காதுக்கு மேலேயிருந்து பின்பக்கமாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாக. இந்தக் காலத்துப் பையன்கள் ஒரு பக்கம் ஒட்ட வெட்டிக்கொண்டு திரிகிறார்களே, அதுபோல ஸ்டைலுக்கு வெட்டியிருக்கிறான் என்று பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்தார்கள்.

ஜெனிலா அப்படி நினைக்கவில்லை. ரப்பர் பால் முடியில் பட்டுக் காய்ந்தால் சீப்பும் போகாது, சோப்பும் எடுக்காது, வெட்டித்தான் ஆக வேண்டும். ரப்பர் நாட்டில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். காதுக்குப் பின்னால் வெள்ளை நூல் மாதிரி ஒரு துணுக்குப் பால் ஒட்டிக்கொண்டிருந்ததையும் அவள் பார்த்தாள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆறு வயதில் அவள் பால் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு முடி வெட்டியவர் அப்பா. இடது கைக்காரர், நேராக வெட்ட வராது. அந்த வாரம் எடுத்த பள்ளிக்கூடப் படத்தில் அவள் தலை ஏணிப்படி மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அவளுக்கு ‘ஏணி’ என்றுதான் பெயர்.

பிகாஷின் தலையிலும் அதே ஏணிப்படிதான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை சபையில் நல்ல கூட்டம். மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து உண்டு.

அறிவிப்பு வேளையில் ஆன்ஸ்லின் முதலாளி எழுந்து நின்றார். நாற்பத்தைந்து வயது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தணிந்த குரல். தன்னுடைய பணியாளன் ஒருவன் விபத்தில் இறந்துபோனதையும், நாளைக் காலையில் திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் உடலை அனுப்ப எல்லா ஏற்பாடும் செய்துவிட்டதையும் சொல்லி, அந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். சொல்லி முடித்ததும் கைக்குட்டையை எடுத்தார். பெண்கள் பக்கம் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

ஜெனிலா கண்ணைத் துடைக்கவில்லை. அவள் ஆண்கள் பக்கத்தில் இருந்த அப்பாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருவிருந்து தொடங்கியது. வரிசை வரிசையாக எழுந்து போய், பீடத்துக்கு முன்னால் முழங்கால்படியிட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். முதலாளியும் போனார், வாங்கினார், தலைகுனிந்தபடி திரும்பி வந்தார். அடுத்து ரசலையனின் வரிசை. பக்கத்திலிருந்தவர்கள் எழுந்தார்கள். ரசலையன் எழவில்லை. பக்கத்து ஆள் முழங்கையால் தட்டியும் எழவில்லை. முழங்காலில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எங்கள் சபையில் ஒருவர் திருவிருந்துக்குப் போகாமல் இருந்தால், மனதில் ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். காய்ச்சலோடு வந்தாவது வாங்கிவிட்டுப் போகிற மனிதர் ரசலையன். அவருடைய மனைவி ஞானபாய் பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு பாட்டுப் புத்தகத்தைத் திறந்து தேவையில்லாமல் பக்கத்தைப் புரட்டினாள்.

ஜெனிலாவுக்கு அதற்குமேல் சந்தேகம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பாமேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அழுகைதான் வந்தது. அதையும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான், எதையும் அதனதன் இடத்தில் வைப்பாள்.

*

மத்தியானம் மீன்குழம்பு வைத்து மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கேட்பதற்கு ஜெனிலா வாயெடுத்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது.

முதலாளி வீட்டுக்கு வருவது புதிதல்ல. அவர் வந்தால் ரசலையன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். இன்றைக்கு நாற்காலியிலிருந்து எழுவதற்கே நேரமாயிற்று. முதலாளி உட்கார்ந்து, ஞானபாயிடம் நலம் விசாரித்து, ஜெனிலா கொண்டுவந்த பால் ஊற்றாத கட்டன்சாயாவை வாங்கிக்கொண்டார். டேங்கரைப் பெயிண்ட் அடிக்கக் கொச்சிக்கு அனுப்பப் போவதாகவும், மாலையில் வேறு டிரைவர் வந்து எடுத்துப் போவான் என்றும் சொன்னார். போன வருஷம்தான் அந்த லாரிக்குப் பெயிண்ட் அடித்தது.

“முட்டு வலிய வச்சுக்கிட்டு எதுக்கு அண்ணாச்சி வண்டி ஓட்டுதிய? ஒரு மாசம் வீட்ல இருங்க. சாவியத் தாங்க” என்றார்.

ரசலையன் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தார்.

முதலாளி சாயாவை ஒரு மிடறு குடித்தார். “முட்டு வலியினாலதானே அன்னைக்கு நீங்க ஏற வேண்டிய இடத்துல அந்தப் பயல ஏத்தி விட்டிய. நான் அத ஆருட்டயும் செல்லல்ல. இனியும் செல்ல மாட்டேன்.”

அதைச் சொன்ன குரலில் அவ்வளவு அன்பு இருந்தது. கேட்கிறவர்கள் இந்த மனிதர் உதவி செய்கிறார் என்றே நினைப்பார்கள்.

“என்னைக்கு மொதலாளி?” என்று ஜெனிலா கேட்டாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் காலித் தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு, லேபில் ரிப்போர்ட்டுக்குக் காத்து நிற்கிற மாதிரி நின்றாள்.

“அது பழைய காரியமாக்கும் பிள்ளே” என்று சொல்லிவிட்டுச் சாயாவை வைத்தார். பாதிக் கிளாஸ் மிச்சம் இருந்தது.

ரசலையன் சாவியை எடுத்தார். கொடுக்கவில்லை. வண்டியில் தன்னுடைய சாமான்கள் கிடக்கின்றன, எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி, சபை மைதானத்தில் நின்ற லாரிக்கு நடந்தார். அந்த முழங்காலோடு அவர் அவ்வளவு வேகமாக நடந்து ஜெனிலா பார்த்ததில்லை. திரும்பி வரும்போது கையில் ஒரு துண்டு, ஒரு பிளாஸ்க், உறை கிழிந்த வேதபுத்தகம். சாவியை முதலாளி கையில் வைத்தார். கார் போயிற்று.

கார் வளைவு திரும்பிய பிறகு அவர் துண்டை மேஜைமேல் வைத்து விரித்தார். உள்ளே ஒரு கத்திரி இருந்தது. அதன் அலகில் ரப்பர் பால் மஞ்சளாகக் காய்ந்து, அதில் கறுப்பாகச் சில முடிகள் சிக்கியிருந்தன.

“மக்ளே, இதத்தானே நீ கேக்க வந்த?” என்றார்.

*

அவர் சொன்னதை நான் சுருக்கித்தான் எழுதுகிறேன். அவர் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை எழுந்து போய் முகம் கழுவினார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜெனிலா தொட்டிப் பக்கமே போகாமல் லேபிலிருந்து ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். ரசலையன் பாலோடு போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. ஃபேக்டரியில் முதலாளியும் பிகாஷும் மட்டும் இருந்தார்கள். டேங்கர் மேலே ஏறி மூடியைத் திறப்பது டிரைவர் வேலை. அன்றைக்கு முழங்கால் மடங்கவில்லை. அவரைச் சித்தப்பா முறையில் சாச்சா என்றுதான் கூப்பிடுவான் பிகாஷ்; நான் ஏறுகிறேன் சாச்சா என்று ஏறினான். பால் கெடாமல் இருக்க அதில் அமோனியா கலந்திருக்கும், மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் திறக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியாது. தலைசுற்றி மேலேயிருந்து விழுந்தான். மேலே இழுத்து வைத்திருந்த பால் குழாயும் அவனோடு வந்து, பால் முழுக்க அவன் தலையில் கொட்டியது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், முதலில் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் என்றார் முதலாளி. முடி முழுக்கப் பால் உறைந்து, காயம் தெரியவில்லை. ரசலையன் கத்திரியை எடுத்து முடியை வெட்டி, காயத்தின்மேல் துணி வைத்துக் கட்டினார். முதலாளியின் கார் பின்சீட்டில் கிடத்தினார்கள். ரசலையன் கூடவே ஏறப் போனார். நீங்கள் தரையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு முதலாளி தனியாகக் காரை எடுத்தார்.

மறுநாள் காலையில் ரோட்டோரம் பிணம் என்று செய்தி வந்தது. ரசலையன் ஓடிப்போய்க் கேட்டார். போகிற வழியில் பத்து நிமிஷத்திலேயே உயிர் போய்விட்டது, ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ஏற்றிவிட்டது யார் என்று கேட்பார்கள், உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்றார் முதலாளி.

“எனக்க முட்டுக்காலு ஒழுங்கா இருந்தா அவன் செத்திருக்க மாட்டான் மக்ளே. நானாக்கும் கொன்னேன்” என்றார் ரசலையன்.

ஜெனிலா துண்டை மடித்துக் கத்திரியை மூடினாள். அப்பாவை அப்படிப் பார்க்க அவளுக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் அவள் தினமும் பாலைப் பிரித்துப் பார்க்கிற வேலை செய்கிறவள். தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று கலங்காமல் சொல்வாள்.

“அப்பா, நீங்க ஏற வேண்டியது, அவன் ஏறினான். விழுந்தான். அது விபத்து. அதுக்கு என்ன பதில் உண்டோ அத நீங்க செல்லுங்க. மூச்சோட கார்ல ஏத்தின ஆள் எப்படி ரோட்டுல கிடந்தான்? அதுக்குப் பதில் அவருல்லா செல்லணும். அவருக்க பாரத்த நீங்க எதுக்குச் சுமக்கிய?”

“கேஸ் எனக்க மேலயும் வரும்.”

“வரும். நானும் கூட வருவேன்.”

அவளுடைய வேலை போகும். அப்பா ஜெயிலுக்குப் போனாலும் போகலாம். ஊரில் பாதிப்பேர் முதலாளி பக்கம்தான் நிற்பார்கள். இதையெல்லாம் அவள் ராத்திரியே யோசித்து முடித்திருந்தாள். யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று, அம்மா என்ன சொல்வாள் என்பது.

ஞானபாய் அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் பழைய ரைஸ் குக்கர் அட்டைப்பெட்டி. அதைத் திறந்து, பாலித்தீன் கவரில் சுருட்டி வைத்திருந்த சட்டையை வெளியே எடுத்தாள். ரசலையன் அந்த வெள்ளிக்கிழமை போட்டிருந்த சட்டை. முன்பக்கம் முழுக்கப் பால் உறைந்து பலகை மாதிரி இருந்தது, அதற்குள்ளே ரத்தம்.

“கை கீறிட்டுன்னு செல்லிட்டு வந்திய. கையில ஒரு கீறலும் இல்ல. நான் கேட்டனா?” என்றாள். “செல்லுவிய செல்லுவியன்னு ஒம்பது நாளாப் பாத்தேன். எரிச்சுப் போடல்ல, வெள்ளத்துல அலசவும் இல்ல. இன்னைக்கு சபையில நீங்க எழும்பாம இருந்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எழும்புங்க, சட்டையப் போடுங்க. நல்ல சட்டையாப் போடுங்க.”

ஜெனிலா முதலில் சுஷாந்துக்குப் போன் செய்தாள். நாளைக்குத் தம்பியின் உடலை வாங்க வேண்டாம், காரணம் சாயங்காலம் சொல்கிறேன் என்று தெரிந்த இந்தியில் சொன்னாள். அவன் காரணம் கேட்கவில்லை. அழுதான். அண்ணன்காரனுக்கும் ஏதோ உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

அடுத்து தக்கலை போலீஸுக்கு. ஞாயிற்றுக்கிழமையானாலும் பெரிய அதிகாரி அலுவலகத்தில் இருக்கிறார், நேரே வாருங்கள் என்றார்கள்.

*

நாகர்கோவில் போய் அங்கிருந்து தக்கலை பஸ். மூன்று பேரும் ஒரே சீட்டில். ஞானபாய் மடியில் அட்டைப்பெட்டி. கண்டக்டர் அதைப் பார்த்து, புதுக் குக்கரா அக்கா என்று கேட்டார். பழசுதான், ரிப்பேருக்குக் கொண்டு போகிறோம் என்றாள் ஞானபாய், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். ஜெனிலாவுக்கு ஒன்பது நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அம்மாவைப் பற்றி இருபத்தேழு வருஷமாகத் தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். மதுரைப் பக்கத்துப் பேச்சு. குறுக்கே பேசாமல் கேட்டார். கத்திரியையும் சட்டையையும் தனித்தனிக் கவரில் போட்டு ஒட்டச் சொன்னார். ஜெனிலா கொண்டுவந்திருந்த பள்ளிக்கூடப் படத்தை வாங்கி, ரோட்டோரம் எடுத்த படத்துக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். ஆறு வயதுப் பெண்ணின் தலையில் மூன்று படி. இருபத்தாறு வயது ஆணின் தலையில் மூன்று படி.

“நான் இதை ஸ்டைலுக்கு வெட்டினதுன்னுல்ல நினைச்சேன்” என்றார்.

ரசலையன் நிமிர்ந்தார். அதுவரைக்கும் மேஜையின் விளிம்பைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தவர்.

“அவனும் அதத்தான் கேட்டான் மேடம். நான் வெட்டும்போ கண்ணத் தொறந்து பாத்தான். ‘சாச்சா, ஸ்டைலா வெட்டு’ன்னான். எனக்கு நேரா வெட்ட வராதுன்னு அவனுக்குத் தெரியும், அதான் கிண்டலு.” ஞானபாய் அவர் முதுகில் கையை வைத்தாள். “மூச்சு உண்டு, பேச்சு உண்டு, சிரிப்பும் உண்டு மேடம். அப்படியாக்கும் நான் அவன கார்ல ஏத்தி விட்டது.”



பிறகு அதிகாரி ஃபைலைப் பிரித்துப் பிரேதப் பரிசோதனை அறிக்கையைத் தேடி எடுத்தார். ஒரு வரியில் விரலை வைத்து, இரண்டாம் தடவை படித்தார்.

“எத்தனை மணிக்கு முடி வெட்டுனீங்க?”

“ஆறரை, ஆறே முக்கால்.”

“வழியிலேயே, பத்து நிமிஷத்துல உயிர் போயிடுச்சுன்னு உங்க முதலாளி சொன்னாரா?”

“ஆமா மேடம்.”

அவர் காகிதத்தை ஜெனிலாவின் பக்கம் திருப்பி வைத்தார். ஜெனிலா படித்தாள். உயிர் பிரிந்தது விடிகாலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் என்று எழுதியிருந்தது.

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள், மனக்கணக்கில் எப்போதும் தப்பாதவள் இப்போது நம்ப முடியாமல். ஏழு மணி, எட்டு மணி, ஒன்பது, பத்து, விடிகாலை இரண்டு வரைக்கும். அந்த நேரமெல்லாம் பிகாஷ் உயிரோடு இருந்திருக்கிறான்.

“அவ்வளவு நேரம் அவன எங்க வச்சிருந்தாரு மேடம்?” என்று கேட்டாள்.

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

“அதைத்தாம்மா இப்போ போய் அவர்கிட்ட கேக்கப் போறேன்.”